மொறிஸ் மைனர் தெருவில் அலைகிறதா? பிழையைத் தேடிப் பிடிக்கும் ஒழுங்கு

மொறிஸ் மைனர் நேராக ஓடவில்லை என்று கராஜுக்கு வந்தால் முதலில் பழி விழுவது, ஸ்டியரிங் திருப்பலைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பற்சட்டமான றாக்கின் மேல். அதைக் கழற்றி, பழைய சாமான் கடையில் வேறொன்றை வாங்கிப் பூட்டி, அலைன்மெண்ட் பிடித்து அனுப்புவார்கள். ஒரு கிழமைக்குள் கார் பழையபடி அலையும். பல வேளைகளில் பிழை இருந்தது 22 பிஎஸ்ஐ காற்று இருக்கவேண்டிய டயரில் அல்லது பின் ஸ்பிறிங்கை அச்சோடு கட்டும் யு போல்டில். அதைவிட மோசம், முன் சில்லின் பாரத்தைத் தாங்கும் மரைத் துண்டான கீழ் ட்ரனியன் கிறீஸ் காணாமல், பிழை அதில் இருந்திருந்தால்.

இங்கே சொல்லப்படும் ஒழுங்கு காசு செலவில்லாததில் தொடங்கி, கழற்ற வேண்டியதில் முடிகிறது. மைனர் 1000ஐ, அதாவது 948 சிசி, 1098 சிசி எஞ்சின் வந்த கார்களை மனதில் வைத்து எழுதியது. 1948 முதல் அதற்கு முந்தி வந்த மைனர்களிலும் றாக், டோர்ஷன் பார் (முன்பக்கத்தில் ஸ்பிறிங்காக வேலை செய்யும் முறுகு கம்பி), ட்ரனியன் என்ற அமைப்பு ஒன்றுதான்.

1. முறைப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள்

"ஸ்டியரிங் லூஸ்" என்பதும் "கார் அலைகிறது" என்பதும் ஒன்றல்ல. இதைக் கலந்துவிட்டால் தேடும் இடமே மாறிப்போகும்.

லூஸ் என்றால், ஸ்டியரிங் வீலைக் கொஞ்சம் திருப்பியும் சில்லு திரும்பாது. உங்கள் கைக்கும் சில்லுக்கும் இடையில் எங்கோ ஆட்டம் இருக்கிறது. றாக் உள்ள காரில் ஸ்டியரிங் வீலின் விளிம்பில் அரை அங்குலத்துக்கு மேல் வெற்று ஆட்டம் இருந்தால் விடக்கூடாது. ஸ்டியரிங் பொக்ஸ் உள்ள வேறு பழைய கார்களில் இதைவிடக் கூடுதலாக இருப்பது வழமை. அந்த அளவை மைனருக்குக் கொண்டு வராதீர்கள்.

அலைவது என்றால், கையை அசைக்காமலே கார் திசை மாறும். இதற்குக் காரணம் ஸ்டியரிங்கிலேயே இல்லாமல் டயர், பின் அச்சு, மூட்டுகளில் உள்ள றப்பர் புஷ் என்று எங்கும் இருக்கலாம்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, பலர் தவறவிடுவது. ஸ்டியரிங் இறுக்கமாக இருந்தாலும் கார் அலையும். திருப்பிய வீல் தானாக நடுவுக்கு வராததால் ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் கூடத் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, தெரு முழுவதும் தையல் போடுவார். ஆட்டமே இல்லாத ஸ்டியரிங்கை மேலும் இறுக்கி வைத்தவர்களின் கார் இப்படித்தான் ஓடும்.

2. முன்கூட்டி எடுத்து வைக்கவேண்டியவை

நல்ல ஜக் ஒன்று, அக்ஸில் ஸ்டாண்ட் இரண்டு, பின் சில்லுகளுக்கு அடைகொடுக்க மரக்கட்டை. காரோடு வந்த பக்க ஜக் சில்லு மாற்ற மட்டும்தான். அதை நம்பிக் கீழே படுக்க வேண்டாம்.

நம்பக்கூடிய காற்றுமானி, மூன்றடி நீளமான கடப்பாரை அல்லது தடித்த இரும்புக் குழாய், கைவிளக்கு, அளவு நாடா, சோக்கட்டி, கிறீஸ் துப்பாக்கி, கம்பித் தூரிகை, ஏஎஃப் (அங்குல) அளவு ஸ்பேனர்கள். மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கொண்டு போனால் நட்டின் மூலைகளை உருட்டிவிடுவீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஒரு உதவியாள். மெதுவாக வீலை ஆட்டு என்றால் மெதுவாகவே ஆட்டத் தெரிந்த ஆள். பாதிச் சோதனைகளைத் தனியே செய்யவே முடியாது.

சோதனைக்கு முதல் நாளே முன்பகுதியின் அடியைக் கழுவிக் காயவிடுங்கள். ஐம்பது வருடக் கிறீஸும் மண்ணும் அப்பிய மூட்டில் அரை மில்லிமீட்டர் அசைவு தெரியாது. ஆனால் கிறீஸ் அடித்துவிடாதீர்கள். புதுக் கிறீஸ் மூட்டுக்குள் இருக்கும் ஆட்டத்தை ஒளித்துவிடும். சோதித்த பிறகே கிறீஸ்.

3. ஜக் போடுவதற்கு முன் ஓடிப் பாருங்கள்

மட்டமான, நேரான, காற்றில்லாத தெரு வேண்டும். யாழ்ப்பாணத்தில் கடல்நீரேரிக்கு மேலே போகும் பண்ணைப் பாலத்தில் ஓடிப் பார்த்துவிட்டு இடப்பக்கம் இழுக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. அங்கே குறுக்குக் காற்றில் எந்த மைனரும் இழுக்கும். நம் தெருக்கள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்தவை. இடப்பக்கமாக ஓடும் கார் கொஞ்சம் இடப்பக்கம் போவது இயல்பு. சந்தேகமென்றால் வெறுந்தெருவில் நடுக்கோட்டின் மேல் சிறிது தூரம் ஓடிப் பாருங்கள். இழுப்பு மறைந்தால் அது தெருவின் சரிவு.

மணிக்கு 50 முதல் 60 கி.மீ. வேகம் போதும். நான்கு விஷயங்களைப் பார்த்துக் காகிதத்தில் எழுதுங்கள்.

சீராக ஓடும்போது ஒரே பக்கம் இழுக்கிறதா, இருபக்கமும் மாறி மாறி அலைகிறதா? ஒரே பக்கம் என்றால் டயர், ஒட்டிய பிறேக், ஒருபக்கம் தாழ்ந்த டோர்ஷன் பார் என்று தேடலாம். மாறி மாறி என்றால் எங்கோ ஆட்டம் அல்லது இறுக்கம்.

அக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் போகிறதா? அப்படியென்றால் பின் அச்சு அசைகிறது. முன்பக்கத்தில் எதையும் கழற்ற வேண்டாம், நேரே 5ஆம் பகுதிக்குப் போங்கள்.

பிறேக் போடும்போது மட்டும் திரும்புகிறதா? பிறேக் சரிசெய்கையோ, முன் சில்லைக் கீழே தாங்கும் இரும்புக் கையை (கீழ்க் கை) முன்னால் பிடித்திருக்கும் கம்பியின் றப்பரோ காரணம்.

திருப்பத்துக்குப் பிறகு கையைத் தளர்த்தினால் வீல் நடுவுக்கு வருகிறதா? வராவிட்டால் இறுக்கம்.

4. டயரும் காற்றும்

குளிர்ந்த டயரில் காற்றைப் பாருங்கள். பழைய 5.20-14 குறுக்கு நூல் (கிறொஸ் பிளை) டயருக்கு முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னாலும் 22. பின்னால் ஆட்களும் சுமையும் இருந்தால் பின்பக்கம் 24. றேடியல் பூட்டியிருந்தால் இதைவிட இரண்டு முதல் நான்கு பிஎஸ்ஐ கூட வைக்கலாம். பெற்றோல் நிலையத்தில் சொல்லாமல் விட்டால் இன்றைய கார்க் கணக்கில் 32 அடித்துவிடுவார்கள். அதில் மைனர் கல்லுக்குக் கல் துள்ளி அலையும். இதற்கு மருந்து வால்வை அழுத்துவது மட்டும்தான்.

ஒரே அச்சில் றேடியல் ஒன்றும் குறுக்கு நூல் ஒன்றும் இருக்கக்கூடாது. முன்னால் றேடியலும் பின்னால் குறுக்கு நூலும் அதைவிட ஆபத்து, திருப்பத்தில் பின்பக்கம் முதலில் வழுக்கும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: முதல் இரண்டு கிழமை, கடைசி இரண்டு வருடம். வாரத்தில் ஒரு நாள் ஓடும் காரில் டயர் தேயாது, ஆனால் காய்ந்துபோகும். பூ நன்றாக இருக்கிறது என்று பதினைந்து வருட டயரில் நம்பிக்கை வைக்காதீர்கள்.

ஒரே பக்கம் இழுக்கும் காரில் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி ஓடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் பிழை டயரில். அரை மணி வேலை, ஆயிரக்கணக்கில் மிச்சம்.

5. பின் அச்சு

மைனரின் பின் அச்சைப் பிடித்திருப்பவை இரண்டு ஸ்பிறிங் பட்டைகள் மட்டுமே. அவை அசைந்தால் பின் சில்லுகள் காரைத் திருப்பும். ஓட்டுநர் அதை முன்னால் உணர்ந்து முன்பக்கத்தைக் குறை சொல்வார்.

யு போல்ட் நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பட்டைகளின் நடுப் போல்ட் உடைந்திருந்தால் அச்சு ஒரு பக்கம் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கும். இதற்கு எளிய சோதனை சில்லிடைத் தூரம். முன் சில்லுகளை நேராக வைத்து, முன் சில்லு நடுவிலிருந்து பின் சில்லு நடுவரை இரு பக்கமும் அளவுங்கள். மைனருக்கு இது 86 அங்குலம், 2184 மி.மீ. இரு பக்கத்துக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது.

பிறகு பட்டையின் முன் கண்ணில் உள்ள றப்பர் புஷ், பின்னால் ஸ்பிறிங்கைத் தொங்கவிடும் ஷாக்கிள் என்ற இணைப்பின் புஷ்கள். கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். றப்பர் கொஞ்சம் நெளியலாம், இரும்போடு இரும்பு தட்டக்கூடாது. பட்டை பூட்டியிருக்கும் இடத்தில் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று கம்பித் தூரிகையால் சுரண்டிப் பாருங்கள். மேலே பூசிய கறுப்புத் தாரை நம்ப வேண்டாம். கடற்கரை ஊர்க் காரில் இதுதான் முதலில் போகும்.

6. நின்ற நிலையில் ஆட்டத்தைத் தேடுதல்

லூஸ் என்ற முறைப்பாட்டுக்கு இந்தச் சோதனைதான் உயிர். கார் தரையில் நிற்கவேண்டும். ஜக் போட்டுத் தூக்கினால் சில்லு சுதந்திரமாகத் திரும்பும், மூட்டுகளில் எதிர்ப்பு இருக்காது, ஆட்டம் தெரியாமல் போய்விடும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

உதவியாள் ஓட்டுநர் இருக்கையில் இருந்து வீலை இடமும் வலமும் இரண்டு அங்குலம், நிதானமாக ஆட்டட்டும். சில்லு திரும்பும் அளவுக்கு வேண்டாம், திரும்பத் தொடங்கும் அளவுக்கு மட்டும். நீங்கள் கையிலிருந்து சில்லு நோக்கி ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பாருங்கள். அசைவு எந்த இடத்தில் தொலைகிறதோ அதுதான் பிழை.

முதலில் ஸ்டியரிங் தண்டின் மேல் புஷ். வீலை மேலும் கீழும் ஆட்டினால் தண்டு தட்டும். எரிச்சல் தருமே தவிர, காரை அலையவிடாது.

அடுத்து தண்டு, றாக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரமான பினியனோடு சேரும் பல்லுக் கிளாம்ப். தண்டு திரும்பியும் பினியன் பிந்தித் திரும்பினால் கிளாம்ப் போல்ட் தளர்ந்திருக்கிறது. ஒரு ஸ்பேனர், ஒரு நிமிடம். ஆனால் தளர்ந்தபடியே நெடுநாள் ஓடியிருந்தால் பற்கள் தேய்ந்திருக்கும், இறுக்கினாலும் மீண்டும் தளரும்.

அடுத்து றாக் வீடு, அதாவது றாக்கை மூடியிருக்கும் உறைக் குழாய். எஞ்சினுக்குப் பின்னால் தகட்டுச் சுவரில் இரண்டு கிளாம்ப்களால் பூட்டியிருக்கும். உள்ளே உள்ள சட்டம்தான் அசையவேண்டும், வீடு அசையக்கூடாது. வீட்டின் மேலும் சுவரின் மேலும் ஒரே நேரத்தில் விரலை வைத்தால் அரை மில்லிமீட்டரும் தெரியும். வீடு அசைந்தால் நட்டுகளை இறுக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். நட் இறுகியும் அசைந்தால் பின்னாலுள்ள தகடே வளைகிறது. அது ஒட்டு வேலைக்காரரிடம் போகவேண்டிய வேலை.

பிறகு றாக் முனையில் றப்பர் உறைக்குள் இருக்கும் உள் மூட்டு. உறையை விரல்களால் அமுக்கிப் பிடித்தால், சட்டம் நகர்ந்து கம்பி பிந்தி வருவது கைக்குத் தெரியும். கிழிந்த உறை என்றால் உள்ளே மண் போயிருக்கும். உறையை மட்டும் மாற்றி மூடுவது புண்ணை மூடிக் கட்டுவது போல.

கடைசியில் டை றொட் எண்ட், அதாவது றாக்கிலிருந்து வரும் கம்பி (டை றொட்) சில்லுப் பக்கம் சேரும் மூட்டு. ஒரு கையால் அதன் கிண்ணத்தையும், சில்லைத் திருப்பும் இரும்பான ஸ்டியரிங் கையையும் சேர்த்துப் பிடியுங்கள். எந்தத் தட்டலும் மாற்றவேண்டிய அறிகுறி. அது பூட்டியிருக்கும் கூம்புத் துளையையும் பாருங்கள். நட் தளர்ந்து ஓடியிருந்தால் துளை முட்டை வடிவமாகியிருக்கும், புது எண்ட் போட்டாலும் நிற்காது.

7. சில்லைத் தூக்கிப் பார்த்தல்: பேரிங்கா, கிங் பின்னா

பின் சில்லுகளுக்கு அடைகொடுத்து, முன் குறுக்குச் சட்டத்தின் கீழ் ஜக் போட்டு, சேஸிக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். எஞ்சின் ஒயில் தட்டின் கீழ் ஜக் போடக்கூடாது.

சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து, பன்னிரண்டு மணி, ஆறு மணி நிலையில் ஆட்டுங்கள். தட்டல் தெரிந்தால் உதவியாளைப் பிறேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிறேக் மிதித்ததும் தட்டல் நின்றால் அது சில்லுப் பேரிங். பிறேக் டிரம்மும் பின் தட்டும் ஒன்றாகப் பிடிபடுவதால் பேரிங் ஆட்டம் மறைகிறது. நிற்காவிட்டால் ஆட்டம், சில்லு திரும்பும் செங்குத்துத் தண்டான கிங் பின் பக்கம்.

மைனரின் முன் சில்லில் மூலத்தில் இருப்பவை உருண்டைப் பேரிங் இரண்டும் நடுவில் ஒரு இடைக்குழாயும். இவற்றுக்குச் சரிசெய்கை கிடையாது. நட்டை இறுக்கமாகப் பூட்டி ஸ்பிளிட் பின் போடவேண்டும். கூம்புப் பேரிங் பழக்கத்தில் "இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்துவது" இங்கே பிழை. தளர்த்தினால் உள்வளையம் அச்சின் மேல் சுழன்று அச்சையே தின்னும். இறுக்கியும் ஆட்டம் இருந்தால் பேரிங் மாற்றவேண்டும். பின்னாளில் கூம்புப் பேரிங் போட்ட கார்களும் உண்டு, திறந்து பார்த்தே முடிவெடுங்கள். நட் கழல அடம்பிடித்தால் நீளக் குழாய் போட்டு உன்னுவதற்கு முன் மரை எந்தத் திசை என்று பாருங்கள்.

8. ட்ரனியன்: இங்கே அவசரம் வேண்டாம்

மைனரில் நாம் கிங் பின் என்று சொல்வது மேலும் கீழும் மரை வெட்டிய ஒரு செங்குத்துத் தண்டு. அது மேல் ட்ரனியன், கீழ் ட்ரனியன் என்ற இரண்டு மரைத் துண்டுகளுக்குள் திருகியிருக்கிறது. வீலைத் திருப்பும்போது மரைக்குள் மரை சுழல்கிறது. டோர்ஷன் பார் கீழ்க் கையில் வேலை செய்வதால் முன்பக்கத்தின் பாரம் கீழ் ட்ரனியனின் மரை வழியே இறங்குகிறது. அந்த மரை தேய்ந்து கழன்றால் சில்லு மட்கார்டுக்குள் மடிந்து கார் தரையில் குந்தும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நடக்கும், அப்போதுதான் மரை அதிகம் சுழல்கிறது. வேகத்தில் நடந்தால் சொல்லத் தேவையில்லை.

சாதாரணமாகச் சில்லைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்ப்பது இங்கே போதாது. தொங்கும் நிலையில் டோர்ஷன் பார் கீழ்க் கையை இன்னும் கீழே தள்ளிக்கொண்டிருக்கும், அந்த அழுத்தத்தில் மரை ஒரு பக்கமாக ஒட்டி நிற்கும். ஆகவே இரண்டாவது முறை ஜக்கைக் கீழ்க் கையின் வெளிமுனைக்கு அருகில் போட்டுச் சில்லைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். ஸ்டாண்ட் சேஸிக்குக் கீழே இருக்கட்டும். இப்போது டோர்ஷன் பாரின் பாரத்தை ஜக் சுமக்கிறது, மரை சுதந்திரமாக இருக்கிறது.

டயருக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக மேலே நெம்பி விடுங்கள். உதவியாள் கைவிளக்கோடு கீழ் ட்ரனியனைப் பார்க்கட்டும். கிங் பின் ட்ரனியனுக்குள் ஏறி இறங்கினால் மரை தேய்ந்துவிட்டது. மேல் ட்ரனியனையும் அப்படியே பாருங்கள். அதன் றப்பர் புஷ்கள் நெளிவது வேறு, மரை தட்டுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல ட்ரனியனைக் கழற்றியவர்கள் உண்டு.

தேய்ந்திருந்தால் ட்ரனியனை மட்டும் மாற்றிப் பழைய கிங் பின்னில் திருகுவது வீண். தேய்ந்த மரை புது மரையையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் மரைத் திசை எதிரெதிர், ஆகவே வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்குங்கள். பூட்டும்போது ட்ரனியனை முழுவதும் திருகி, பிறகு ஒரு சுற்றுத் தளர்த்தி வைப்பது வழக்கம். அடிவரை திருகியபடியே விட்டால் முழுத் திருப்பத்தில் மரை முட்டி ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். பூட்டி முடித்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. மைனரில் மேல் கை என்பதே சொக் அப்சோர்பரின் கைதான். மேல் ட்ரனியனைக் கழற்றினால் டோர்ஷன் பார் கீழ்க் கையை வீசி அடிக்கும். ஜக் கீழ்க் கையின் அடியில் இருந்து, இறக்கும்போது மெல்ல இறங்கவேண்டும். கையும் முகமும் அதன் வழியில் இருக்கக்கூடாது.

9. கிறீஸ், பிறகு இறுக்கச் சோதனை

ட்ரனியன்கள் நல்லவை என்று உறுதியானபின், சில்லுகள் தூக்கிய நிலையிலேயே கிறீஸ் அடியுங்கள். ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்று. அடித்துக்கொண்டே சில்லை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். கார் தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்து மரைக்குள் கிறீஸ் போகாது, தளர்ந்த பக்கம் மட்டும் பிதுங்கும். அதைப் பார்த்து எல்லா இடமும் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறிப் புதியது வரும்வரை அடிக்கவேண்டும். வராவிட்டால் கிறீஸ் ஏற்றும் நிப்பிளைக் கழற்றிக் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள், மலிவான சாமான்தான். ஆயிரம் மைலுக்கு ஒரு முறை இதைச் செய்யும் காரில் ட்ரனியன் நெடுநாள் இருக்கும்.

இப்போது இரண்டு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். சில்லுகள் காற்றில் இருக்கும்போது முழுத் தூரமும் ஒரே சீராகப் போகவேண்டும். இறுக்கம் இருந்தால் இருபக்க டை றொட் எண்டையும் கழற்றிவிட்டுச் சில்லையும் றாக்கையும் தனித்தனியே திருப்பிப் பாருங்கள். சில்லு இறுக்கமென்றால் ட்ரனியன். றாக் இறுக்கமென்றால் தண்டின் தாங்கியைத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் இலகுவானால் தண்டு கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது.

10. புஷ்களும் சொக் அப்சோர்பரும்

சொக் அப்சோர்பரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களும் இறுக்கமா? அவை தளர்ந்தால் சில்லின் மேல்பாதி முழுவதும் அசையும். இது பலமுறை ட்ரனியன் தேய்வு என்று பிழையாகத் தீர்மானிக்கப்படுகிறது. கை வெளியே வரும் அச்சில் ஒயில் கசிந்து, கை பக்கவாட்டில் ஆடினால் சொக் அப்சோர்பர் முடிந்தது.

கீழ்க் கையிலிருந்து முன்னோக்கிச் சேஸிக்குப் போகும் கம்பியின் முனையில் றப்பர் வட்டுகள் உண்டு. உதவியாள் காரை முன்னும் பின்னும் ஓரடி உருட்டிப் பிறேக் போடட்டும். கம்பி முனை முன்னும் பின்னும் பாய்ந்தால் வட்டு போய்விட்டது. பிறேக்கில் ஒரு பக்கம் திரும்பும் காருக்கு இது மலிவான தீர்வு. கீழ்க் கையின் உள்முனைக் கண்போல்டில் உள்ள புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். அதை மாற்ற டோர்ஷன் பாரின் விசையை இறக்கவேண்டும், அனுபவம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

எந்த றப்பர் புஷ் மாற்றினாலும் கடைசி இறுக்கம் கார் சில்லுகளில் நின்ற பிறகே. தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் இறங்கியதும் றப்பர் முறுக்கிக் கிழியத் தொடங்கும். புதுப் புஷ்கள் சில மாதங்களில் கிழிந்துபோவது பல வேளைகளில் இதனால்தான், றப்பரின் தரத்தால் அல்ல.

11. றாக்கின் சரிசெய்கை

மேலே எல்லாம் சரி, ஆட்டம் றாக்குக்குள்தான் என்று உறுதியானால் மட்டும் இங்கே வாருங்கள். சட்டத்தைப் பினியனோடு அழுத்தி வைக்கும் துண்டின் மூடிக்குக் கீழ் ஷிம் என்ற மெல்லிய தகடுகள் இருக்கும். ஷிம்மை எடுத்தால் ஆட்டம் குறையும்.

சிக்கல் என்னவென்றால், றாக் நடுவில்தான் அதிகம் தேய்கிறது, முனைகளில் புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகுமட்டும் ஷிம் எடுத்தால் முனைகளில் பிடித்துக்கொள்ளும். ஒரு ஷிம் எடுங்கள், முழுத் தூரமும் திருப்புங்கள், எங்கும் கனக்கவில்லை என்றால் மட்டும் அடுத்தது. நடுவில் ஆட்டமும் முனையில் இறுக்கமும் ஒன்றாக இருந்தால் அந்த றாக் மாற்றவேண்டியது. கொஞ்சம் ஆட்டத்தோடு ஓடுவது இறுக்கத்தோடு ஓடுவதைவிட நல்லது.

உள்ளே போவது ஈபி 90 கியர் ஒயில், கிறீஸ் அல்ல. துப்பாக்கியால் சில அமுக்கல்கள் போதும். கூடினால் றப்பர் உறை வீங்கிக் கழன்றுவிடும்.

12. அலைன்மெண்ட் கடைசியில்

ஆடும் மூட்டுகளோடு அலைன்மெண்ட் பிடித்தால், கருவி நிற்கும்போது ஓர் அளவும் தெருவில் வேறோர் அளவும் வரும். அதனால்தான் இதைக் கடைசிக்கு வைத்தது. மைனருக்கு முன் சில்லுகளின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 3/32 அங்குலம், 2.4 மி.மீ., நெருங்கியிருக்கவேண்டும்.

வீட்டில் அளக்கலாம். மட்டமான தரையில் காரைக் கொஞ்சத் தூரம் முன்னுக்கு உருட்டி நிறுத்துங்கள். றிம்மின் உள்விளிம்பில், அச்சு உயரத்தில், முன்பக்கம் சோக்கட்டியால் குறித்து இரு சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளவுங்கள். காரை முன்னுக்கு அரைச் சுற்று உருட்டி, அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளவுங்கள். அதே இடத்தை அளப்பதால் றிம் நெளிவு கணக்கில் வராது. பின்னுக்கு உருட்டினால் புஷ்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து பிழையான அளவு வரும்.

மைனரில் ஸ்டியரிங் கைகள் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், டை றொட்டை நீட்டினால் சில்லுகள் முன்பக்கம் நெருங்கும், குறைத்தால் விரியும். இரு பக்கமும் ஒரே அளவு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு முறையும் அளவுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் றாக் நடுவிலிருந்து விலகும். ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறது என்று வீலைக் கழற்றி நேராகப் பூட்டுவது இந்தப் பிழையை மறைப்பதுதான். அதன் பிறகு ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் திரும்பாது.

பூட்டு நட்டுகளை இறுக்கும்போது டை றொட் எண்ட் சாய்ந்து நிற்காமல் மட்டமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு 3ஆம் பகுதியில் ஓடிய அதே தெருவில், அதே வேகத்தில், எழுதி வைத்த காகிதத்தோடு ஓடிப் பாருங்கள். ஐம்பது மைல் ஓடியபின் யு போல்ட், சொக் அப்சோர்பர், றாக் கிளாம்ப் மூன்றிலும் இன்னொரு முறை ஸ்பேனர் போடுங்கள்.